கவிதை மறந்த கண்ணாடி

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், உத்தனப்பள்ளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளுக்கு முன்பு பள்ளிக்கூட அறையொன்றில் பதினொரு பேர் கூடித் தொடங்கிய வட்டம் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் இந்த எல்லைப்புறத்தில், திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தமிழுக்கென்று ஒதுக்கி வைத்த உங்கள் அனைவரையும் நெஞ்சாரப் பாராட்டுகிறேன். விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'தமிழ்க் கவிதையில் கண்' என்பது. இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு அந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் உவமைகளை அடுக்கிச் செல்வது அரிய செயலன்று. ஆனால், இந்த ஈராண்டுகளில் நான் ஒரு கண்ணின் அருகில் அமர்ந்து பல இரவுகள் கழித்திருக்கிறேன். அதன்பின் பழைய உவமைகளை அப்படியே எடுத்துச் சொல்ல என் நா எழவில்லை. ஆகவே தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். பார்வைத் திருத்தத்துக்காக லேசர் அறுவை செய்துகொண்ட ஒரு கண்ணில் கிருமி புகுந்த செய்தியைச் சொல்லப் போகிறேன். இலக்கிய மேடையில் மருத்துவம் எதற்கு என்று நினைப்பவர்கள் முடிவுவரை பொறுத்தருள வேண்டும். இது மருத்துவத்தைப் பற்றிய உரை மட்டுமன்று; நம்மைப் பற்றிய உரையும் ஆகும்.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டு மலரை வைத்திருப்பவர்கள் அதில் நான் எழுதிய ஒரு கவிதையை நினைவில் வைத்திருக்கலாம். என் அண்ணன் மகளைப் பற்றியது அது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. விளக்கின்கீழ் அமர்ந்து படிக்கும் பெண்ணின் விழிகளை நான் கெண்டை என்றேன், குவளை என்றேன், நீரில் இறங்கிய இரு நிலவுகள் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். மலர் அச்சாகி வந்த அன்று அவளிடம் ஒரு படி கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்து, "எல்லாம் சரி சித்தப்பா, என்னோட கண்ணாடி எங்க?" என்று கேட்டாள். அவள் ஏழாம் வகுப்பிலிருந்தே தடித்த கண்ணாடி அணிந்தவள். நான் சிரித்துக்கொண்டே, "கவிதையில கண்ணாடி எல்லாம் வராதும்மா" என்றேன். அந்தச் சிரிப்புக்கும் அந்த விடைக்கும் நான் இன்று இந்த அவையில் கணக்குத் தர வேண்டியவனாக நிற்கிறேன்.

எண்ணிப் பாருங்கள். வேல், வாள், அம்பு, கயல், மான், வண்டு, குவளை, தாமரை என்று கண்ணுக்கு நாம் சொல்லாத உவமை இல்லை. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் அரங்கேறிய காதற் கவிதைகளை நான் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். கண்ணாடி அணிந்த தலைவி ஒருத்திகூட அவற்றில் இல்லை. ஆனால், விடியலில் தொழிற்சாலைப் பேருந்துக்காக நம் ஊர் நிறுத்தத்தில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். எத்தனை முகங்களில் கண்ணாடி இருக்கிறது! அவர்களைப் பெண் பார்க்க வருவோர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று அந்தக் கண்ணாடியைப் பற்றியதாக இருக்கிறது. கவிதையில் இடம் பெறாத பொருள் ஊர் வாயில் 'சோடாபுட்டி' ஆகிறது. நாம் அழகென்று சொல்லாமல் விட்டதையெல்லாம் ஊர் குறை என்று எடுத்துக்கொள்கிறது.

நம் உத்தனப்பள்ளி இருபதாண்டுகளில் எப்படி மாறியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் விளைந்த நிலத்தின் ஓரங்களில் ஆலைகள் எழுந்தன. 2023 ஆம் ஆண்டில் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி நிலங்கள் சிப்காட்டுக்கு வேண்டும் என்றபோது உழவர்கள் நெடுநாள் போராடினார்கள். நம்மில் பலர் மண்ணைப் பற்றிக் கவிதை எழுதினோம், எழுத வேண்டியதுதான். ஆனால், ஆலைக்குள் ஊசிமுனை போன்ற உறுப்புகளை நாளெல்லாம் உற்றுப் பார்த்து வேலை செய்யும் பெண்களின் கண்ணைப் பற்றி நாம் ஒருவரும் எழுதவில்லை. என் அண்ணன் மகள் பட்டயப் படிப்பு முடித்து அப்படியொரு வேலையில்தான் சேர்ந்தாள். இரண்டு வரன்கள் கண்ணாடியின் பெயரால் தட்டிப் போயின. தன் சம்பளத்தில் பணம் சேர்த்து, தந்தையின் மறுப்பையும் மீறி, இருபத்தோராம் வயதில் பெங்களூருவில் ஒரு மருத்துவமனையில் லேசிக் எனப்படும் அறுவையை இரு கண்களுக்கும் செய்துகொண்டாள்.

இந்த அறுவையைப் பற்றிச் சில சொற்கள் சொல்வது தேவை. இதன் மூலத்தில் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1949 ஆம் ஆண்டில் இளநிலைப் பட்டமும் 1950 ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்றவர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன். வேதியியல் அறிஞரான அவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981 ஆம் ஆண்டு நவம்பரில், அந்நாட்டவரின் நன்றியறிதல் நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, அதன் குருத்தெலும்பின் மீது எக்சைமர் எனும் புற ஊதா லேசர் ஒளியைப் பாய்ச்சினார். பக்கத்துத் திசு கருகாமல், சுடாமல், கோடு கிழித்தாற்போல் வெட்டு விழுந்தது. உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் கண்ட இந்த உண்மையை ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவர் 1983 ஆம் ஆண்டில் ஸ்ரீநிவாசனோடு சேர்ந்து கருவிழிக்குக் கொண்டுவந்தார். மூவருக்கும் அமெரிக்க நாட்டின் உயரிய தொழில்நுட்பப் பதக்கம் 2013 ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. மூதுரையில் கல்லாதவன் கவிதைக்கு உவமையாக நாம் நகைத்த வான்கோழி, கோடிக்கணக்கானோர் கண்ணாடியைக் கழற்ற வழி காட்டியது என்பதைக் கவிஞர்கள் நினைவில் வைக்கலாம்.

கருவிழியின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் படலம் ஒன்று உள்ளது. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். லேசிக் அறுவையில் அப்படலத்தின் மேலடுக்கை மெல்லிய இதழ்போல் சீவி, ஓரத்தில் கீல்போல் சிறு பகுதியை மட்டும் விட்டுப் புரட்டுகிறார்கள். அடியிலுள்ள திசுவை லேசர் ஒளியால் இழைத்து வளைவைத் திருத்தி, இதழை மீண்டும் அதன் இடத்தில் படுக்க வைக்கிறார்கள். தையல் இல்லை. சில நிமிடங்களில் வேலை முடிகிறது. மறுநாளே பார்வை தெளிகிறது. மேலோர்க்கு இது அற்புதம்; செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். இந்த அறுவையைப் பழித்துப் பேச நான் இங்கு வரவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆயினும் ஓர் இடுக்கு அங்கே உண்டாகிறது. புரட்டி மூடிய இதழுக்கும் அடித்தளத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடுக்கில் கிருமி ஒன்று சிக்கிவிட்டால், அதை எட்டுவது எளிதன்று. கருவிழிப் படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. இல்லாததால்தான் அது பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. அதே காரணத்தால் உடலின் காவற்படை அங்கே தாமதித்துத்தான் வந்து சேர்கிறது. மேலே விடும் சொட்டு மருந்தும் ஆழத்துக்கு முழுமையாக இறங்குவதில்லை. அறுவை முடிந்து சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தோன்றும் தொற்றுக்குப் பெரும்பாலும் நம் இமையிலும் தோலிலும் வாழும் பொதுவான பாக்டீரியாக்கள் காரணமாகின்றன. இரண்டு வாரம் கழித்து, சில வேளை இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் தொற்றுக்குக் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகளான மைக்கோபாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் காரணமாகின்றன. இவ்வகை மைக்கோபாக்டீரியாக்கள் நீரிலும் மண்ணிலும் வாழ்பவை, பொதுவான பாக்டீரியாக்களைவிட மெல்ல வளர்பவை. ஊர் அடங்கிய பிறகு வரும் திருடனைப் போல, 'எல்லாம் நலமாக முடிந்தது' என்று நாம் மறந்த பிறகு வருபவை.

இது எத்துணை அரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையெனில் வீண் அச்சத்தை விதைத்தவன் ஆவேன். ஸ்பெயின் நாட்டில் 2,04,586 லேசிக் அறுவைகளை ஆராய்ந்து 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 72 கண்களில் மட்டுமே தொற்று காணப்பட்டது. பத்தாயிரம் கண்களுக்கு மூன்று அல்லது நான்கு என்ற கணக்கு. ஆனால், அரியது என்பது இல்லாதது ஆகாது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவன மருத்துவர்கள், லேசிக்குக்குப் பின் இரு கண்களிலும் வந்த தொற்று ஒன்றை 2001 ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2015 ஆம் ஆண்டில் ஒரு லேசிக் நிலையத்தில் சிலருக்கு மைக்கோபாக்டீரியா தொற்று வந்தபோது, அதன் மூலத்தைத் தேடிச் சென்ற அதிகாரிகள் கண்டது அறையின் ஈரப்பதத்தைக் காக்க வைத்திருந்த ஒரு சிறு கருவியை. கத்தியைக் காய்ச்சினார்கள், கையைக் கழுவினார்கள். காற்றை நனைத்த கருவியை எவரும் நினைக்கவில்லை.

இனி அவள் கதைக்கு வருகிறேன். அவளுடைய ஒப்புதலைப் பெற்றே பேசுகிறேன். பெயர் சொல்லக் கூடாது என்பது அவள் இட்ட கட்டளை.

அறுவைக்கு மறுநாள் பெங்களூருவிலிருந்து திரும்பும் வழியில், தொலைவில் வந்த பேருந்தின் பெயர்ப்பலகையைக் கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டுக் குழந்தைபோல் துள்ளினாள் என்று அண்ணி சொன்னார். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனாள். விடுப்பு அவ்வளவுதான். ஆலை உள்ளே தூய்மை. ஆனால் ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே கல்குவாரி லாரிகள் எழுப்பும் புழுதியில் இருசக்கர வண்டிப் பயணம். மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. பெண் பார்த்தார்கள், கண்ணாடி பற்றிய கேள்விக்கே இடமில்லை. நிச்சயதார்த்த நாள் குறித்தார்கள். அறுவை செய்துகொண்டதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டா என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

பதினாறாம் நாள் வலக்கண்ணில் மணல் கிடப்பது போன்ற உறுத்தல் தொடங்கியது. கண் சற்றே சிவந்தது. விளக்கைப் பார்த்தால் கூசியது. அவள் எவரிடமும் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் முதல் வாரத்துக்கென்று கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து புட்டியில் மீந்திருந்தது. அதை எடுத்து விட்டுக்கொண்டாள். சிவப்பு குறைந்தது. இரண்டு நாள் நிம்மதி. மீண்டும் வலி, மீண்டும் மருந்து. ஸ்டீராய்டு என்பது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், கிருமியைக் கொல்லாது. மாறாக, கிருமியை எதிர்க்கும் உடலின் கையைக் கட்டிப் போடும். வாயிற்காவலனை உறங்கச் செய்துவிட்டு, கூச்சல் ஓய்ந்தது என்று மகிழ்வதைப் போன்றது அது. பன்னிரண்டு நாட்கள் இப்படிக் கழிந்தன.

ஒரு மாலை நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். குழல்விளக்கின் பக்கம் முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள். "என்னம்மா, சித்தப்பாகிட்ட கோவமா?" என்றேன். திரும்பினாள். வலக்கண்ணின் கருமையில் ஒரு வெண்புள்ளி. அரிசிக் குறுநொய் அளவு. நான் உவமை தேடித் திரிந்த கண் அது. அன்று எனக்கு ஓர் உவமையும் தோன்றவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். அவள் சொன்ன விடை என் நெஞ்சில் இன்றும் கிடக்கிறது: "நானா தேடிக்கிட்டது சித்தப்பா. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அன்பர்களே, என் உரை முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான். கண்புரை முற்றி அறுவை செய்துகொண்ட பாட்டிக்கு வலி வந்தால் வீடே கூடி நிற்கிறது. ஏனெனில் அது காலம் தந்த நோய். அழகுக்காக, வரனுக்காக, வேலைக்காகத் தானே விரும்பிச் செய்துகொண்டவளுக்கு வலி வந்தால், அதைச் சொல்வதற்கு அவளுக்கு உரிமை இல்லை என்று நாம் சொல்லாமலே கற்பித்திருக்கிறோம். அவள் கண்ணில் புகுந்தது கிருமி. அது வளர இடங்கொடுத்தது நாணம். எந்தக் கிருமியால் தொற்று வந்தது, எங்கிருந்து அது வந்தது என்று முழுதும் அறுதியிடுவது கடினம். ஆனால் பன்னிரண்டு நாட்களைத் தின்றது எது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலையில் அதே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இதழை மீண்டும் தூக்கி, அடியிலிருந்து சுரண்டிய துளியை ஆய்வுக்கு அனுப்பி, அந்த இடுக்கை மருந்து நீரால் கழுவினார்கள். கிருமி வளர்ந்து தன்னை அடையாளம் காட்டச் சில நாட்கள் பிடித்தன. மைக்கோபாக்டீரியா என்று முடிவு வந்தது. அதன் பிறகு இரவும் பகலும் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. அண்ணியும் நானும் முறை வைத்து விழித்தோம். இரவு இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒலிக்க, "கண்ண தொறம்மா" என்று எழுப்ப, அவள் அரைத் தூக்கத்தில் முகத்தை உயர்த்திக் காட்டிய அந்தக் காட்சி பல வாரம் நீடித்தது. மருந்து முற்றும் நிற்க ஐந்து மாதங்கள் ஆயின. கண் பிழைத்தது. ஆனால் வெண்புள்ளி இருந்த இடத்தில் வடு நின்றுவிட்டது. வலக்கண் பார்வை பனிமூட்டத்தின் வழியே காண்பதுபோல் ஆயிற்று. தேவையானால் கருவிழி மாற்று அறுவை பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்கிறார்கள். நிச்சயதார்த்தம் தள்ளிப்போய், பின்னர் பேச்சே நின்றது. அவள் இன்று மீண்டும் கண்ணாடி அணிந்து அதே பேருந்தில் வேலைக்குப் போகிறாள்.

இந்த இடத்தில் எனக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் நினைவுக்கு வருகிறார். பெரியபுராணம் சொல்லும் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்து, அச்சூளைத் தாமே மீறி எல்லை கடந்தபோது இரு கண்ணொளியும் இழந்தவர் அவர். கவனியுங்கள்: அவருக்கு நேர்ந்ததும் 'தானாகத் தேடிக்கொண்டது'தான். ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. வழியிலுள்ள தலந்தோறும் நின்று தம் குறையை வாய்விட்டுப் பாடினார், இறைவனோடு வழக்காடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. பிழை தன்னுடையது என்பதற்காக வலியைச் சொல்லும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டதனால் பெற்றார், படிப்படியாகப் பெற்றார். சமயம் கடந்து, ஒரு நோயாளிக்குச் சொல்லத்தக்க அறிவுரை இதைவிட வேறு உண்டா? நான் இருபத்தெட்டு ஆண்டுகள் இப்பகுதியைப் பாடமாக நடத்தினேன். என் வீட்டுப் பெண்ணுக்கு அது பயன்படும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

பலருக்கு ஒருங்கே நேர்ந்த இழப்புகள் நாட்டின் செவியை எட்டுகின்றன. 2008 ஆம் ஆண்டு சூலையில், அன்றைய விழுப்புரம் மாவட்டச் சிற்றூர் முகாமிலிருந்து திருச்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கண்புரை அறுவை செய்துகொண்ட எளியவர்களில் 66 பேர் தொற்றால் பார்வை இழந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வரை சென்றது. 2023 ஆம் ஆண்டில், சென்னைக்கு அருகே தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புடையதென அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்த தொற்று, அந்நாட்டின் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேர் பார்வை இழந்தார்கள், நால்வர் இறந்தார்கள். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தன. தனியொருத்தியின் கண் செய்தித்தாளில் வராது. அது வீட்டுக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்திருக்கும். அதைக் காண வேண்டியவர்கள் உறவினரும் கவிஞரும்தான்.

இழப்பைச் சொன்ன வாயால் நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 1976 ஆம் ஆண்டில் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்து, அறுவை முடிவில் கண்ணுக்குள் செலுத்தும் ஒரு மருந்தால் உட்கண் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்ததை உலகுக்குக் காட்டியது. தொற்று விதியன்று, எண்ணி, பதிந்து, ஒளிக்காமல் வெளியிட்டால் குறைக்கத்தக்கது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. மருத்துவமனைக்குப் பொருந்தும் இந்த நெறி வீட்டுக்கும் பொருந்தும்.

நம் மண்ணைப் பற்றி இன்னொன்று. மதுரை மாவட்டத்தில் 1993 ஆம் ஆண்டுக்குரிய ஓர் ஆய்வு, ஓராண்டில் இலட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாவதாகக் கணக்கிட்டது. அமெரிக்க மாவட்டம் ஒன்றின் கணக்கைவிட இது பத்து மடங்கு. வைக்கோலும் நெல் உமியும் புழுதியும் கண்ணில் பட்டு, பூஞ்சை புகுந்து வரும் புண்கள் அவற்றுள் மிகுதி. குளிரூட்டிய அறையில் அறுவை முடித்த கண், திரும்பி வருவது இந்தப் புழுதிக்குத்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே, ஐந்து மாதங்களில் மருத்துவர்களிடம் கேட்டறிந்த சிலவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

முதலாவது, அறுவைக்கு முன்பு. இமை ஓரத்தில் அழற்சியோ பீளையோ இருந்தால் அதை முதலில் ஆற்றிக்கொள்ள வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து அதை நிறுத்த வேண்டும். விடுப்பு இல்லை என்றால், விடுப்புக் கிடைக்கும் வரை அறுவையைத் தள்ளிப்போட வேண்டும்.

இரண்டாவது, அறுவைக்குப் பின்பு. கண்ணைத் தேய்த்தல், கண்ணில் குழாய்நீர் படுதல், மை தீட்டுதல், கிணற்றிலும் குளத்திலும் நீந்துதல், காப்புக் கண்ணாடி இன்றி வண்டியில் செல்லுதல் ஆகியவற்றை மருத்துவர் குறித்த நாள்வரை விலக்க வேண்டும். சொட்டு மருந்துப் புட்டியின் முனை இமையிலோ விரலிலோ படக்கூடாது.

மூன்றாவது, முதல் நாளின் எரிச்சலும் நீர்வடிதலும் சில மணி நேரத்தில் தணிவது இயல்பு. தணிந்த கண் மீண்டும் வலித்தால், சிவந்தால், ஒளிக்குக் கூசினால், பார்வை மங்கினால், வெண்புள்ளி தெரிந்தால், அது இயல்பன்று. இரண்டாம் நாளானாலும் இரண்டாம் மாதமானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 'நாளை பார்க்கலாம்' என்பது கண்ணுக்கு ஆகாத சொல்.

நான்காவது, மீந்த மருந்தையும், கடைக்காரர் தரும் மருந்தையும், பக்கத்து வீட்டார் சொல்லும் விளக்கெண்ணெயையும் தாய்ப்பாலையும் அந்தக் கண்ணில் விடக் கூடாது. முன்பு ஒருவேளை நன்மை செய்த ஸ்டீராய்டு, கிருமி புகுந்த பின் தீமை செய்யும்.

ஐந்தாவதும் தலையாயதும் இதுவே: சொல்ல வேண்டும். வீட்டாரிடம் சொல்ல வேண்டும். வரன் வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். கேட்பவர்கள், "உன்னை யார் செய்துகொள்ளச் சொன்னது?" என்ற கேள்வியை அன்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பன்னிரண்டு நாட்கள் போயின.

கவிஞர் பெருமக்களே, இனி நம் கடமை. கெண்டையையும் குவளையையும் கைவிடச் சொல்லவில்லை. அவை நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வம். ஆனால் அவர்கள் தம் கண்முன் இருந்த குளத்தையும் கெண்டையையும் பார்த்துப் பாடினார்கள். நம் கண்முன் இருப்பது விடியற்காலைப் பேருந்து நிறுத்தம். அங்கே பனியில் மங்கிய கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு நிற்கும் பெண். அவளைப் பார்த்துப் பாடாமல், அவள் முகத்திலிருந்து கண்ணாடியை நம் எழுதுகோலால் கழற்றிவிட்டுப் பாடினோம். முதலில் கழற்றியவர்கள் நாம். லேசர் பிறகுதான் வந்தது.

இந்த மலருக்கு ஒரு கவிதை தருமாறு தொகுப்புக் குழுவினர் கேட்டார்கள். மூன்றாம் ஆண்டு மலரில் வந்த அதே கவிதையைத் திருத்தி எழுத முனைந்தேன். எழுதிய படியை அண்ணன் மகளிடம் கொண்டு போனேன். இடக்கண்ணால் மெல்லப் படித்தாள். "கண்ணாடி வந்துருச்சு. அந்த வடுவும் வரட்டும் சித்தப்பா" என்றாள். அதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆகவே இவ்வாண்டு மலரில் கவிதைக்குப் பதில் இந்த உரையைத் தருகிறேன். கவிதை அடுத்த ஆண்டு வரும். என்னால் இயலாவிட்டால் உங்களில் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.